இரண்டு வெற்றுப் பக்கங்கள்

அரசி,
முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டு.
இரண்டு பக்கம் முழு வெறுமையாக இருக்க வேண்டும்,
முத்திரை குத்த அவர்களுக்கு இடம் வேண்டுமாம்.
உன்னுடையதில் எல்லாமே வெறுமைதான், தெரியும்,
பதினொரு வருஷமாய் மதுராந்தகம் தாண்டாதவள்.
இருந்தாலும் பார்.
பரிதி அதில் கப்பல் கிப்பல் வரைந்திருந்தால்
இப்போதே சொல்லிவிடு.

அடிஸ் அபாபாவில் விமானம் மாறும்போது வெளியே போகாதே.
பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால்
மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சீட்டு கேட்பார்கள்.
உனக்கு மூன்றே மணி நேரம்,
அதில் ஒரு மணி அவனுக்குக் கழிவறை தேடவே சரியாகும்.

ஊறுகாய் கொண்டுவா, மூடிக்கு டேப் சுற்றி.
நெய் வேண்டாம், தேன் வேண்டாம்.
கறிவேப்பிலைக் கன்றை ஈரத் துணியில் மறைக்காதே:
சாட்ஸ்வொர்த்தில் வேலிக்கு வேலி அதுதான்,
கரும்பு வெட்ட வந்த யாரோ
எப்போதோ மறைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.
பிளக் எல்லாம் நம் ஏசி பிளக் போல, பருத்த மூன்று முள்.

இனிமேல்தான் முக்கியம்.
பரிதியின் பிறப்புச் சான்றிதழ்,
அப்பா பெயரும் அம்மா பெயரும் சேர்ந்திருப்பது.
அப்புறம் அவன் அப்பாவின் சம்மதக் கடிதம்.
விசாவுக்கே பார்த்துவிட்டார்களே என்று சொல்லாதே,
கைப்பையில் வை. பெட்டியை நம்பாதே,
என் பெட்டி ஒருமுறை நைரோபி பார்த்துவிட்டு வந்தது.

கடிதம் இல்லை, கோர்ட் உத்தரவுதான் என்றாய்.
அது போதும்.
நாலாம் பக்கத்தை மேலே வை.
முதல் மூன்றை அவர்கள் படிக்க வேண்டியதில்லை.
நான் படித்தேன்,
லேபில், இரவு ஷிப்டில்,
மைக்ராஸ்கோப் விளக்கை அணைக்க மறந்து.

அப்பா எங்கே என்று கவுண்டரில் அவனைக் கேட்டால்
அவனே சொல்லட்டும், முந்தாதே.
அதிகாரியின் கண்ணைப் பார்த்துப் பேசு.
அது உனக்கு விட்டுப்போயிருக்கும்;
விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பழகிக்கொள்.

வெளியே வந்ததும் வண்டி வேண்டுமா என்பார்கள்.
தலையாட்டாதே,
நம் தலையாட்டலுக்கு இங்கே ஆமாம் என்று அர்த்தம்.
எனக்கு டூட்டி. கெவின் கோவெண்டர் வருவார்,
கவுண்டர்தான் தேய்ந்து அப்படியானது என்பார்.
தமிழில் வணக்கம் மட்டும் தெரியும்,
அதை இரண்டு முறை சொல்வார்.
கையில் அட்டை. அதில் அரசி என்று மட்டும் இருக்கும்.
பாஸ்போர்ட்டில் உன் பெயருக்குப் பின்னால்
ஒட்டிக்கொண்டிருப்பதை
நான் எழுதச் சொல்லவில்லை.

காரில் கண்ணாடியை ஏற்றிவிடு.
பை காலடியில், போன் பைக்குள்.
அடுத்த ரோபோவில் நிற்கிறேன் என்பார்,
சிக்னலுக்கு இங்கே அந்தப் பெயர்.
பரிதியிடம் முன்பே சொல்லிவிடாதே,
கொஞ்ச நேரம் தேடட்டும்.
ஏடிஎம்மில் உதவ வருகிறவனுக்கு உதவி வேண்டாம்.
கடலில் இரண்டு கொடிக்கு நடுவில் மட்டும் இறங்கு.
'ஜஸ்ட் நௌ' வருகிறேன் என்றால் காத்திருக்காதே, சாப்பிட்டுவிடு.

ஆபத்தான ஊராமே, ராத்திரி வெளியே போகலாமா என்று
மூன்று முறை கேட்டிருக்கிறாய்.
போகக் கூடாது.
என் வாசலில் இரும்புக் கதவு, ஜன்னலுக்குக் கம்பி,
சாவி மொத்தம் நாலு.
பக்கத்துத் தெருவில் போன மாதம் துப்பாக்கிச் சத்தம்.
உன்னிடம் மறைக்க மாட்டேன்.
நீ எங்கிருந்து கேட்கிறாய் என்பதும்
எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்தப் பூட்டெல்லாம் வெளியே நிற்பவனுக்காக, அரசி.
சாவி உள்ளே ஆணியில் தொங்கும்.
உன் கைக்கு எட்டுகிற உயரத்தில்
நேற்று இன்னொரு ஆணி அடித்தேன்.

திரும்பும் டிக்கெட்டைக் கேட்பார்கள், காட்டு.
எங்கே தங்குகிறாய் என்றால் அக்கா வீடு,
முகவரி மூன்று பிரதி எடுத்து
ஒன்றை அவன் சட்டைப் பையில் வை.
ஜூலையில் இங்கே குளிர்காலம், நம்பமாட்டாய்.
ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் போடாதே,
இறங்கும்போதே அவனுக்கு வேண்டியிருக்கும்.